நலம் பேணுவோம்: உணவுக்குழல் சொல்லும் சான்று

உண்ண மறுக்கும் குழந்தையைப் பிடிவாதக்காரன் என ஏசுவது நம் இல்லங்களில் வழக்கம். மூணாற்றிலும் வாளையாற்றிலும் வாழும் பெற்றோர் ஒன்று சிந்திக்க வேண்டுகிறோம்: விழுங்குகையில் அடைப்பும் தீராத வாந்தியும் ஒவ்வாமையால் உணவுக்குழல் அழன்றதன் குறியாகவும் இருக்கலாம்.

எண்டாஸ்கோப்பியில் குழல் செவ்வையாகத் தோன்றினும் நோய் உள்ளே உறையக்கூடும். ஆதலின் மேலும் கீழுமாகக் குறைந்தது 6 துணுக்குகளைப் பயாப்சிக்கு எடுப்பர். ஈயோசின் சாயத்தில் சிவக்கும் ஈயோசினோபில் அணுக்கள், நுண்ணோக்கியின் மிகுபெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்பில் 15-க்குக் குறையாதிருத்தல் முக்கியச் சான்று. 2017-இல் வெளியான மதிப்பீட்டு முறையோ, திசுவின் தடிப்பு, வடு முதலிய 8 கூறுகளை நோக்குகிறது.

பாலையோ கோதுமையையோ டாக்டர் விலக்கியபின் வாந்தி நிற்கலாம். அழற்சியோ நில்லாது தொடர்ந்து, ஆண்டுகள் செல்லக் குழலைச் சுருக்கலாம். பிள்ளை தேறிவிட்டான் என மறு பயாப்சியைத் தட்டிக்கழிப்பது தகாது.