தலைப்பு எண்களைக் கையால் டைப் செய்யலாமா?

வேர்ட் பற்றி என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்களில் ஒன்று அடிக்கடி வருகிறது. "ஐந்து தலைப்புகள் வரை எண் சரியாக வந்தது. ஆறாவது தலைப்பில் மீண்டும் 1 என்று வருகிறதே, ஏன்?" வைரஸ் புகுந்துவிட்டதோ எனப் பயப்படுபவர்களும் உண்டு. வைரஸ் எதுவும் இல்லை. எண் கொடுத்த வழிதான் காரணம்.

புதிதாக வேர்ட் பயன்படுத்துவோர் பலர் 1, 1.1 எனக் கையால் டைப் செய்கின்றனர். அல்லது ஒவ்வொரு தலைப்பிலும் நம்பரிங் பட்டனை அழுத்துகின்றனர். ஒரு பக்கக் கடிதத்திற்கு இது போதும். 60 பக்க ப்ராஜக்ட் ரிப்போர்ட்டில், நாளை கொடுக்க வேண்டிய நிலையில், இன்று நடுவில் ஓர் அத்தியாயம் சேர்க்கச் சொன்னால்? கையால் டைப் செய்தவர் ஒவ்வோர் எண்ணையும், "3.2 பார்க்க" போன்ற குறிப்புகளையும், பொருளடக்கத்தையும் தேடித் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் திருத்துபவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

நம்பரிங் பட்டனை அழுத்தியவருக்கு வேறு தொல்லை. சில இடங்களில் வேர்ட் அதைப் புதிய பட்டியலாக எடுத்துக்கொண்டு 1 எனத் தொடங்கிவிடும். அந்த எண் மீது ரைட் கிளிக் செய்து, கன்டினியூ நம்பரிங் தேர்ந்தெடுத்தால் சரியாகும். ஆனால் இது முதலுதவிதான். அடுத்த கட், பேஸ்ட்டில் தொல்லை திரும்பலாம்.

என்னைக் கேட்டால், எண்ணை வரிக்குக் கொடுக்கக் கூடாது. ஸ்டைலுக்குக் கொடுக்க வேண்டும். வேர்ட் 2007 முதல் வந்த பதிப்புகளில் வழி இதுதான்:

1. கையால் இட்ட எண்களை நீக்கவும். இல்லையேல் இரட்டை எண் வரும்.

2. தலைப்புகளுக்கு ஹெடிங் 1, உட்தலைப்புகளுக்கு ஹெடிங் 2 ஸ்டைல் தரவும். கன்ட்ரோல், ஆல்ட் கீகளுடன் 1 அல்லது 2 அழுத்தினாலும் போதும்.

3. ஒரு ஹெடிங் 1 தலைப்பில் கர்சரை வைத்து, ஹோம் டேபில் மல்டிலெவல் லிஸ்ட் பட்டனை அழுத்தவும். கிடைக்கும் படங்களில் 1 ஹெடிங் 1, 1.1 ஹெடிங் 2 எனக் காட்டுவதைத் தேர்ந்தெடுக்கவும். ஹெடிங் என்ற சொல் இல்லாத படம் வேண்டாம். அது ஸ்டைலுடன் இணைந்திருக்காது.

இனி எந்த அத்தியாயத்தை நடுவில் சேர்த்தாலும் எண்கள் தாமாக மாறும். பொருளடக்கத்தையும் குறிப்புகளையும் ரெபரன்சஸ் டேப் வழியே அமைத்திருந்தால், கன்ட்ரோல் + ஏ, பின் எஃப் 9 அழுத்தினால் அவையும் புதுப்பிக்கப்படும்.

வேர்ட் கற்றுத் தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போல்ட், அண்டர்லைன் சொல்லித்தரும் முதல் நாளிலேயே ஸ்டைலையும் சொல்லித்தாருங்கள். கடைசி நேரத் தூக்கம் பலருக்கு மிஞ்சும்.