பக்தியா, பற்றா?

தமிழ்ப்பள்ளியில் "நாட்டுப்பற்று" என்றால் டொச்சில் என்ன என்று கேட்டால் எல்லோரும் "பட்ரியோட்டிஸ்முஸ்" என்போம். அதற்குமேல் கதைக்க மாட்டோம். எந்த நாட்டின் மீது என்ற கேள்வி அடுத்து வந்துவிடுமே!

முதலில் சொல்லைப் பார்ப்போம். பட்ரியோட்டிஸ்முஸின் வேர் கிரேக்கம். "பாட்ரிஸ்" என்றால் தந்தையர் நிலம். தமிழில் இரண்டு சொற்கள். தேசபக்தி வடமொழி வழி வந்தது. சாமிக்கு வைக்கும் அதே பக்திதான். நாட்டுப்பற்றில் உள்ள "பற்று" வீட்டில் புழங்கும் சொல்: கையைப் பற்று, தீ பற்றியது. கணக்குக் கொப்பியில்கூடப் பற்று, வரவு உண்டு. எனக்கு இதுதான் பிடிக்கும். பக்தி என்றதும் கும்பிடத்தான் தோன்றுகிறது. பற்றிக்கொண்டிருக்கிற ஒன்றோடு சண்டையும் பிடிக்கலாம்.

அப்படிச் சண்டை பிடித்த ஒருவர் எங்கள் டார்ம்ஸ்டாட்டில் வளர்ந்தவர்: கேயோர்க் பூஷ்னர். 1834இல், 20 வயதில், ஹெஸன் விவசாயிகளிடம் பிடுங்கப்பட்ட வரிகளைக் கணக்குப் போட்டுக் காட்டி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார். அரசு அதைத் துரோகம் என்றது. 1835இல் ஸ்ட்ராஸ்பூர்க்குக்குத் தப்பி ஓடினார். 1837 பெப்ரவரியில் சூரிச்சில் காய்ச்சலில் இறந்தார்; அதே மாதம், அந்தப் பிரசுரத்தில் கூட வேலை செய்த பாதிரியார் வைடிக் டார்ம்ஸ்டாட் சிறையில் இறந்தார். இன்று ஜேர்மன் இலக்கியத்தின் பெரிய பரிசு பூஷ்னர் பெயரில், இதே நகரத்தில் கொடுக்கப்படுகிறது.

"துரோகி" எங்கள் வீடுகளுக்கும் புதிய சொல் இல்லை. இலங்கை அரசும் சொன்னது, எங்கட ஆட்களும் ஒருவரையொருவர் சொன்னார்கள். யாராவது அதைத் தூக்கினால் எனக்குப் பூஷ்னர்தான் ஞாபகம் வருகிறார்.

1979இல் டொல்ஃப் ஸ்டெர்ன்பெர்கர் என்ற அறிஞர் பத்திரிகையில் "ஃபெர்ஃபாஸுங்ஸ்பட்ரியோட்டிஸ்முஸ்" பற்றி எழுதினார். அரசியலமைப்புப் பற்று என்று சொல்லலாம். நாசிகள் "ஃபாற்றர்லாண்ட்" என்று கத்திய காலத்தை அவர் நேரில் பார்த்தவர். இன்றும் ஜேர்மன் குடியுரிமை கேட்பவரிடம் நாட்டை நேசிக்கிறாயா என்று கேட்பதில்லை. அரசியலமைப்பின் சுதந்திர ஜனநாயக ஒழுங்கை ஏற்கிறாயா என்றுதான் கேட்கிறார்கள்.

சட்டப்புத்தகத்தை யாரடி நேசிப்பார் என்று நண்பி சிரிக்கிறாள். நேசிக்க வேண்டாம், பற்றினால் போதும். இங்கே 3ஆம் உறுப்புரை மொழிக்காகவோ பூர்வீகத்துக்காகவோ ஒருவரைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. இலங்கையின் பழைய அரசியலமைப்பிலும் 29ஆம் பிரிவு இருந்தது, ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டம் கூடாது என்று. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, அதைப் பற்றிப் பிடிக்கப் போதிய கைகள் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை.