மீனின் காவலர்கள்

மீன் நோயுற்றால் நீரில் மருந்தைக் கொட்டுவதொன்றே வழியென எண்ணுவோர் இன்றும் பலர். மீனின் உடலிலேயே காவலர் உளர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பாக்டீரியாவின் டி.என்.ஏ.யில் சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து அமையும் இடங்கள் மெதில் என்னும் இரசாயனக் குறியின்றிக் கிடக்கும். மீனின் டி.என்.ஏ.யிலோ அத்தகைய இடங்களிற் பெரும்பாலானவை அக்குறியை ஏற்றவை. இவ்வேறுபாட்டைக் கண்டே வெள்ளணுக்கள் பகையை அறிகின்றன. இதற்கு மனிதருக்குள்ள ஏற்பி டி.எல்.ஆர். 9; மீனுக்கோ டி.எல்.ஆர். 21 என்ற மற்றொன்றும் உண்டு. இவ்விஷயத்தில் மீன் நம்மினும் செல்வந்தனே! உயிருள்ள கிருமியும் வேண்டா. ஆய்வுக்கூடத்தில் செய்த சிறு டி.என்.ஏ. துணுக்கே சால்மன் மீனின் வெள்ளணுக்களைக் கிளர்ந்தெழச் செய்கிறது.

நார்வே நாட்டுச் சால்மன் பண்ணைகள் 1987இல் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் மருந்தைச் செலவிட்டன. தடுப்பூசி வந்தபின், மீன் உற்பத்தி பன்மடங்கு பெருகியும், அம்மருந்துச் செலவு மிகச் சிறு அளவாய்ச் சுருங்கிற்று. ஆயினும் அவ்வூசியிற் கலக்கும் எண்ணெயால் மீனின் வயிற்றுள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இத்துன்பத்தைச் சிறு விலையென்று தள்ளுவது முறையன்று. மனிதருக்கான மஞ்சட்காமாலைத் தடுப்பூசி ஒன்றில் அத்தகைய டி.என்.ஏ. துணுக்கைச் சேர்க்க 2017இல் அமெரிக்கா அனுமதித்தது. எண்ணெயைக் குறைக்க மீனுக்கும் அதனைத் தீவிரமாய்ச் சோதித்தல் வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். செலவு மிகும் என்பர். 50 டன் மருந்தும் இலவசமாய் வந்ததன்று.