விழாவுக்குப் போன படம் தெருவுக்கு எப்போது வரும்?

சாத்தூர் பக்கம் எங்கள் காலனியில் என் அத்தை தலைமுறைக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான் பள்ளிக்கூடம். விடியும் முன்பே ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். வீட்டில் வாங்கிய அட்வான்ஸ் கழியும்வரை வேலையை விட முடியாது.

இந்த வாழ்க்கையைச் சலம் பென்னூர்கர் 1990-இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற சுயாதீன ஆவணப்படமாக எடுத்தார். வெளிநாட்டு விழாக்களுக்குப் போனது, விருதுகள் பெற்றது. அப்போது அத்தைக்குப் பத்து வயது. நான் அந்தப் படத்தைப் பார்த்தது எங்கள் ஊரில் அல்ல, எம்.ஏ. சமூகவியல் வகுப்பில்.

பிறகு ஒருநாள் அத்தைக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். பேசாமல் பார்த்தார். “அப்பவே பார்த்திருந்தா உன்னை வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டாங்களா அத்தை?” என்று கேட்டேன்.

“அனுப்பியிருப்பாக தாயி, அட்வான்ஸ் வாங்கியாச்சே. ஆனா நம்ம கதைய நம்ம பார்த்திருப்போம்ல. ஆமா, இந்தப் புள்ளைகள்லாம் இப்ப எங்க இருக்கு?”

என்னிடம் பதில் இல்லை.

விழாக்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. ஆனால் எம்.சி. மேத்தா வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பரில்தான். அது எந்தப் படமும் கொண்டுவந்த தீர்ப்பு அல்ல. ஆனாலும் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று யாரும் தப்பிக்க முடியாமல் செய்ததில் இப்படிப்பட்ட படங்களுக்கும் பங்குண்டு.

என் சண்டை வேறு. விழாவுக்கு எழுதும் கதைச்சுருக்கத்தில் ‘வறுமை’ இருக்கும், ‘குழந்தைத் தொழிலாளர்’ இருக்கும், சாதி இருக்காது. அந்த பஸ் ஏன் எங்கள் காலனி வாசலில் தவறாமல் நின்றது? யாருக்கு நிலம் இல்லை, யாருக்குக் கடன் கொடுக்க அட்வான்ஸைத் தவிர வேறு ஆள் இல்லை என்று கேட்டால் சாதி வந்து நிற்கும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பரிதாபம் மட்டும்தான்.

இன்னொன்று, முதல் திரையிடல் தங்களிடமே நடக்க வேண்டும், இணையத்தில் வந்திருக்கக் கூடாது என்று பல விழாக்கள் நிபந்தனை போடுகின்றன. படம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ 2017-இல் எதிர்வழியில் போனது. அரங்குகளில் திரையிடத் தடை வந்தபோது யூடியூபில் வெளியிட்டார். வழக்குகளைச் சந்தித்தார். ஆனால் துப்புரவுத் தொழிலாளி தன் கைபேசியிலேயே தன் வாழ்க்கையைப் பார்க்க முடிந்தது.

கைபேசியில் குறும்படம் எடுக்கும் தோழர்களே, விழாவுக்கு அனுப்புங்கள். ஆனால் முதல் திரையிடல் காலனித் தெருவில் நடக்கட்டும். அதற்காக உங்கள் படத்தை மறுக்கும் விழா நமக்கு வேண்டாம். “என் மூஞ்சி வந்தா வேலை போயிரும்” என்று ஒரு அக்கா சொன்னால், எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும் வெட்டுங்கள். கதைச்சுருக்கத்தில் சாதியை எழுதுங்கள். பரிசுப் பணம் வந்தால் நடித்தவர்களுக்கும் பேசியவர்களுக்கும் பங்கு கொடுங்கள்.

முப்பது வருடம் கழித்து உங்கள் படத்தைப் பார்த்து ஒருவர், “இந்தப் புள்ளைகள்லாம் இப்ப எங்க?” என்று கேட்பார். பதில் சொல்லும் அளவுக்காவது அவர்களோடு தொடர்பில் இருங்கள்.