முதல் வெளிநாடு கொழும்பாக இருக்கட்டும்



விடுமுறை நெருங்கும்போதெல்லாம் உங்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மூன்று நாள் லீவு கிடைக்கிறது, குடும்பத்தோடு ஒரு வெளிநாட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும், எங்கே போகலாம்? பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பெயர்களையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்வுபெற்ற அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், என் பதில் கொழும்பு. கண்டி, நுவரெலியா, சீதை கோயில் என்று ஓடும் ஐந்து நாள் பேக்கேஜில் ஒரு ராத்திரி மட்டும் தங்கிவிட்டு வரும் கொழும்பைச் சொல்லவில்லை. கொழும்பை மட்டுமே பார்க்கப் போகும் பயணத்தைச் சொல்கிறேன். இரண்டு இரவும் மூன்று பகலும் அந்த நகரத்துக்கே கொடுங்கள்.

காரணம் சொல்கிறேன். அப்பா அம்மா தலைமுறைக்கு அந்த ஊர் காதால் பழகிய ஊர். எழுபதுகளில் நம் தெருக்களில் சினிமாப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைதான். கே.எஸ்.ராஜாவின் குரலையும் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலையும் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லக்கூடியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 1925-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய அந்த வானொலியின் நிலையம் கொழும்பு 7-இல், சுதந்திரச் சதுக்கத்தின் அருகே இருக்கிறது. அங்கே போகும் வழியும் பழையதுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை, எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் வாங்கி ரயில் ஏற முடிந்தது. போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடியும் ரயில். இப்போது சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், இரண்டு நாட்டுக்கும் நேரம் ஒன்றுதான். பெயர்ப்பலகைகளிலும் ரயில் நிலையங்களிலும் தமிழ் இருக்கும். ஆங்கிலம் தெரியாத அம்மாகூடத் தனியாக ஒரு கடைக்குப் போய்ப் பேரம் பேசிவிட்டு வர முடிகிற வெளிநாட்டுத் தலைநகரம் வேறு எத்தனை இருக்கிறது?

எப்போது போவது என்பதில் கவனம் வேண்டும். பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது. கொழும்பில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். அக்டோபர், நவம்பரிலும் மழை உண்டு. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம், அதனால் அரையாண்டு லீவோ பொங்கல் லீவோ பொருந்தும். தேதி முடிவு செய்யுமுன் காலண்டரில் பௌர்ணமியைப் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா தினம், அரசு விடுமுறை. வங்கிகள் இருக்காது, மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருக்கும். மூன்று நாளில் ஒரு நாள் அப்படிப் போய்விட்டால் வருத்தமாக இருக்கும்.

விசா விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. புறப்படுவதற்கு முன் இலங்கை குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நேரடியாகப் பார்த்து, அங்கேயே விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் தனியார் தளங்கள் பல, இதே வேலைக்குக் கூடுதல் பணம் வாங்குகின்றன. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டும் தங்கும் விடுதியின் முகவரியும் காகிதத்தில் கையில் இருக்கட்டும், போனில் சார்ஜ் தீர்ந்தாலும் உதவும்.

நம் பகுதியிலிருந்து மீனம்பாக்கம் போவதே ஒரு பயணம். அம்பத்தூர்க்காரர்கள் பைபாஸில் மதுரவாயல், போரூர் வழியாகப் போவார்கள். மாலை நேரமானால் மதுரவாயல் சந்திப்பில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று சொல்ல முடியாது. கையில் பெட்டி சிறியதாக இருந்தால் ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், அங்கிருந்து நேராக விமான நிலையத்துக்கு மெட்ரோ என்பது நம்பகமான வழி. பெரியவர்களுக்கு முழங்கால் வலி இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

இறங்கும் இடம் கட்டுநாயக்க. நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம். அதிவேகச் சாலை 2013-இலிருந்து இருப்பதால் காரில் சீக்கிரம் வந்துவிடலாம். வருகைக் கூடத்திலேயே வங்கிக் கவுண்டர்களும் சிம் கார்டு விற்பவர்களும் உண்டு. முதல் நாளுக்கு வேண்டிய பணத்தை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து நம் யுபிஐ இலங்கையிலும் செல்கிறது. ஆனால் உங்கள் செயலியில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை ஊரிலேயே இயக்கி வைக்க வேண்டும், எல்லாக் கடையும் அதை ஏற்கும் என்றும் எண்ண வேண்டாம். ஆட்டோவை அங்கே த்ரீவீலர் என்பார்கள். தெருவில் கைகாட்டி ஏறுவதைவிட பிக்மி செயலியில் கூப்பிடுங்கள், கட்டணம் முன்பே தெரியும்.

முதல் நாள் காலை வெயில் ஏறுமுன் புறக்கோட்டையில் நடங்கள். நம் பாரிமுனையைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கூட்டமும் கூவலும் புதிதல்ல. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் அங்கேதான். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது, 1909-இல் கட்டி முடிந்தது. கொஞ்ச தூரத்தில் செட்டியார் தெரு, இரு பக்கமும் நகைக்கடைகள், நடுவே கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் விழாவில் தேர் புறப்படுவது இங்கிருந்துதான். அப்படியே வடக்கே போனால் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்து அங்கே பலர் இறந்தார்கள். இரண்டே மாதத்தில் ஆலயம் மறுபடி திறந்தது. செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தர்களும்கூட மெழுகுவத்தியோடு வந்து நிற்பார்கள். அதற்கும் அப்பால் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் 1857-இல் கட்டியதை, அவர் மகன் சர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லால் எடுத்துக் கட்டினார். உள்ளே நுழைந்தால் நம் ஊர்ப் பெரிய கோயில் ஒன்றில் நிற்கிற உணர்வே வரும். ஞாயிறன்று புறக்கோட்டையில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் வேறு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியம் அறைக்குப் போய் எல்லோரும் படுத்து எழுந்திருங்கள். பெரியவர்களோடு போகும் பயணத்தில் இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாலையில் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்டு 1859-இல் முடித்த கடலோர நடைபாதை அது. காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. இறால் வடை சூடாகக் கிடைக்கும்.

இரண்டாம் நாளை தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். பேக்கேஜ்காரர்கள் அரை மணி நேரத்தில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அது போதவே போதாது. 1877-இல் திறந்த அந்த வெள்ளை மாளிகையில் இரண்டு பொருள்களை நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஒன்று, காலியில் 1911-இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நாட்டியது, அதில் உள்ள தேதி 1409. சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனப் பேரரசர் இந்தக் கடலில் பேச வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைத் தேர்ந்திருக்கிறார். பேரப்பிள்ளைகளை அந்தக் கல்லின் முன் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று கண்டி அரசர்களின் சிம்மாசனம். டச்சுக்காரர்கள் 1693-இல் பரிசாகக் கொடுத்தது, ஆங்கிலேயர் 1815-இல் எடுத்துச் சென்று 1934-இல் திருப்பித் தந்தது. அதில் கடைசியாக அமர்ந்த ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவர். அவரை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து சிறை வைத்தார்கள், 1832-இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி முத்துமண்டபமாக இருக்கிறது. ஆவடி வழியாகப் போகும் ரயிலில் காட்பாடி இறங்கினால் அதையும் பார்த்துவிடலாம். பயணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வேலூர் போய்விட்டு வந்தால், கொழும்பில் அந்தச் சிம்மாசனத்தைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

அங்கிருந்து சுதந்திரச் சதுக்கம் பக்கம்தான். முன்பு சொன்ன வானொலி நிலையத்தை வெளியிலிருந்தாவது அப்பாவுக்குக் காட்டுங்கள். மாலை நெரிசலுக்கு முன் கோட்டை ரயில் நிலையத்தில் கல்கிசைக்கு டிக்கெட் எடுங்கள். தண்டவாளத்தை ஒட்டியே கடல் வரும், மிகக் குறைந்த செலவு. திரும்பும்போது வெள்ளவத்தையில் இறங்கிச் சாப்பிடலாம், தமிழர் கடைகள் நிறைய. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். தேங்காய்ச் சம்பலிலும் காய்கறியிலும்கூட மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பது அங்கே வழக்கம். “மாசி போட்டிருக்கா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மூன்றாம் நாள் விமான நேரத்தைப் பொறுத்தது. நேரம் இருந்தால் களனி விகாரை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை. 2014-இல் கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். 1983 கலவரத்தையும் 2009 இறுதிப் போரையும் பற்றி த்ரீவீலர் ஓட்டுநரிடமோ கடைக்காரரிடமோ கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இழப்பு இருக்கிறது.

வாங்கிவர நல்லது கறுவாப்பட்டையும் தேயிலையும். மெல்லிய தாளைச் சுருட்டியது போல அடுக்கடுக்காக இருக்கும் பட்டைதான் அசல் இலங்கைக் கறுவா. செட்டியார் தெருவில் தங்கம் வாங்க வேண்டாம். தீர்வையில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு மட்டுமே. யார் எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்தவர் பொட்டலத்தை உங்கள் பையில் வாங்காதீர்கள். கடத்தல் பொருளைச் சுமந்து வரும் ‘குருவிகள்’ பறக்கும் வழி இது, சுங்கத்துறையின் கண்ணும் இதன்மேல்தான்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை. நம் வீடுகளில் பெரியவர்களுக்குப் பெயர் ஆதாரில் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம், இன்ஷியல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முதலில் அவற்றை ஒன்றாக்குங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து விமான டிக்கெட்டிலும் விசா விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று பலர் விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். 2023 அக்டோபர் 1-க்கு முன் பிறந்தவர்களுக்கு அது கட்டாயமில்லை, பள்ளிச் சான்றிதழ், பான் கார்டு போன்றவற்றையும் ஏற்கிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிய பாஸ்போர்ட் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. நமக்கு அருகில் அமைந்தகரையில் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்றால், இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்