பட்டுப் போன்ற தண்ணீர்

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில் எங்கள் ஊர் ஏரி நிரம்பிக் கலங்கல் போயிற்று. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடைப்பட்ட சிற்றூர் எங்களுடையது. நண்பனிடம் காமிராவும் முக்காலியும் இரவல் வாங்கி, அந்தி நேரத்தில் ஷட்டரை ஒரு விநாடி திறந்துவைத்துப் படமெடுத்தேன். தண்ணீர் வெண்பட்டு விரித்தாற்போல் விழுந்திருந்தது. வகுப்பில் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கும் கர்வம்தான்.

படத்தைத் தாத்தாவிடம் காட்டினேன். அவர் முப்பது ஆண்டுகள் எங்கள் ஏரிக்கு நீர்கட்டி; மதகைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துத் தண்ணீர் பாய்ச்சியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பொக மாதிரி இருக்கே கண்ணு. கலங்க மேல எத்தன வெரக்கட தண்ணி போவுது?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்திலும் அது இல்லை.

அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது பாடப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விளங்கிற்று. கலங்கலில் வழியும் நீரின் அளவு, அதன்மேல் நீர் நிற்கும் உயரத்தின் ஒன்றரை அடுக்கைப் பொறுத்தது. உயரம் இரு மடங்கானால் நீர் ஏறத்தாழ 2.8 மடங்கு போகும். படமோ அந்த உயரத்தையே அழித்துவிட்டது. விநாடிக்கு 2 மீட்டர் ஓடும் நீர், ஒரு விநாடி ஷட்டரில் 2 மீட்டர் தூரத்துக்குத் தேய்ந்து பதிகிறது. 1/1000 விநாடியில் 2 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. முன்னதில் நுரை, சுழி, மிதந்துவரும் பிளாஸ்டிக் பை எல்லாம் மாயம்!

1872-ல் அமெரிக்காவின் யோசெமிட்டி அருவிகளை மைபிரிட்ஜ் படமெடுத்தபோதும் நீர் வெண்திரையாகத்தான் பதிந்தது. அக்காலத் தகடுகளுக்கு அவ்வளவுதான் விரைவு. நாமோ பட்டப்பகலில் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே அதைச் செய்கிறோம்.

ஓடும் நீரைப் படமெடுக்கிறவர்கள் பழைய நீராலைகளைத் தேடிப் போவார்கள். உத்தராகண்ட் மலைகளில் ஓடைநீரால் சுழன்று மாவரைக்கும் 'கராட்' உண்டு. நம் சமவெளியில் அந்த வீழ்ச்சி ஏது? இங்கே நீரை ஆண்டவை மதகும் கலங்கலும்தான். வெள்ளைக்காரப் பொறியாளர்கள் அதை நம் சொல்லாலேயே 'கலிங்குலா' என்று எழுதினார்கள். ஏரிக்கென ஒரு வாரியம் இருந்ததை, முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறுகிறது. அவ்வூர் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

எங்கள் மதகை இப்போது யாரும் திறப்பதில்லை. அதன் கீழிருந்த வயல்கள் பாதி வீட்டுமனைகள், மீதி கிடங்குகள். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியபின் இப்பக்கம் வந்த ஆலைகளில் ஒன்றில் அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிப் படி ஏறினேன். ஆனால் வயல் போனதற்காக மழை நின்றுவிடவில்லையே! ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் மிகுநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து 2015 டிசம்பர் முதல் நாள் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டபோது அடையாற்றங்கரை பட்ட பாட்டை அறிவோம். தத்தம் ஊர்க் கலங்கல் எந்த நிலையில் இருக்கிறது, வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று காட்டும் படம் நம்மில் எத்தனை பேரிடம் உண்டு?

ஆகவே நண்பர்களே, மழைக்காலத்தில் உங்கள் ஊர்க் கலங்கலை விரைவு ஷட்டரில் படமெடுங்கள். அளவு தெரிய, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள் (கரையில்தான், நீரில் இறங்க வேண்டா). நாளையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். "அப்படியானால் கலை எதற்கு?" என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். கலைக்கு நான் பகைவன் அல்லேன். பட்டுத் தண்ணீரைப் பத்துப் படம் எடுப்பவர் பதினோராவதையாவது இப்படி எடுக்கலாம் அல்லவா?

மறுநாள் காலை வெயிலில் 1/1000-ல் நான் எடுத்த படத்தைத் தாத்தா கையில் வாங்கினார். "நாலு வெரக்கட போவுது. மூணாங்கல்லுகிட்ட சுழிக்குது பாரு, அடியில அரிச்சிருக்கும்" என்றார். நீர் வடிந்தபின் போய்ப் பார்த்தேன். அந்தக் கல்லின் அடியில் என் கை முழங்கை வரை போயிற்று.