பெயருக்கு முதலாளி!

"முதலாளி ஆகலாம், வாரீர்!" என்று அழைக்கிறார்கள். பெயர் எங்களுடையது, பணம் உம்முடையது, உணவுக்கடை நடத்துவீர் என்கிறார்கள். பிரான்சைஸ் என்று இதற்குப் பெயர். உழைத்து உழைத்து ஓய்ந்தவன் காதில் தேனாய்ப் பாயும் அழைப்பு!

கடை நம்முடையது, சரி. கடை நிற்கும் மண் யாருடையது? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

அமெரிக்காவில் சான் பெர்னார்டினோ நகரில் உணவுக்கடை நடத்தினர், மெக்டொனால்ட் சகோதரர் இருவர். 1954-இல் அங்கே வந்தார், மில்க்‌ஷேக் எந்திரம் விற்ற ரே கிராக். அடுத்த ஆண்டே இல்லினாய் மாநிலத்தில் அதே பெயரில் கடை திறந்தார். பெயரைப் பிறருக்கும் கொடுக்கலானார். நுழைவுக் கட்டணம் 950 டாலர். விற்பனையில் நூற்றுக்கு 1.9 பங்கு. அதிலும் 0.5 சகோதரருக்கு. மீதி, செலவுக்கே போதவில்லை.

வழி கண்டார் ஹாரி சோன்னபார்ன். 1956-இல் நிலத்துக்கென்றே தனிக் கம்பெனி பிறந்தது. மனையைக் குத்தகைக்குப் பிடி. விலை ஏற்றிக் கடைக்காரருக்கு உள்குத்தகைக்கு விடு! அடுப்பு கடைக்காரருடையது, அனல் அவருடையது, அடிமனை மட்டும் கம்பெனியுடையது. ஒப்பந்தம் மீறினால், மனையும் போச்சு, கடையும் போச்சு!

1961-இல் சகோதரர் 27 இலட்சம் டாலருக்கு உரிமையை விற்றனர். முதற்கடையை மட்டும் வைத்துக்கொண்டனர். ஆனால் பெயர்ப்பலகையை இறக்கவேண்டி வந்தது! சொந்தப் பெயரைச் சொந்தக் கடைவாசலில் மாட்ட உரிமையில்லை! அருகிலேயே கிராக் கடை திறந்தார். சகோதரர் கடை மூடிற்று. பெயரைப் பெற்றவருக்கே இந்தக் கதி என்றால், பெயரை வாடகைக்கு எடுப்பவர் கதி என்ன?

இன்று அங்கே நுழைவுக் கட்டணம் 45,000 டாலர். 2024 முதல் புதுக் கடைக்கு உரிமைத்தொகை நூற்றுக்கு 5. இவ்வளவு இருந்தும், கடைக்காரர்களிடமிருந்து கம்பெனிக்கு வருவதில் உரிமைத்தொகையைவிட வாடகையே பெரிது!

செல்வம் சேர்த்த கடைக்காரர்களும் உண்டு, மறுக்கவில்லை நாம். பெயருக்கு மதிப்பில்லை என்றும் சொல்லவில்லை. ஆனால், தோழர்களே, நம் ஊர்களிலும் இன்று உணவகப் பெயர்கள் இப்படி விலைக்கு வருகின்றன. ஆலையில் முப்பதாண்டு உழைத்துப் பெற்ற சேமநிதியை, மனைவியின் நகையை, கொண்டுபோய்க் கொட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மனை யார் பேரில்? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? நட்டம் வந்தால் யார் தலையில்?

வாய்ப்பேச்சில் வேண்டாம் பதில், எழுத்தில் வரட்டும். தெரிந்தவரைக்கொண்டு வரிவரியாகப் படிக்கச் செய்யுங்கள். பிறகு போடுங்கள் கையெழுத்து.

பலகையில் பளபளப்பது பெயர். பத்திரத்தில் இருப்பதே உரிமை!